பாவம், மூடுபனி என்ன செய்யும்?

கொடைக்கானல்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எது கெட்டாலும் பழி போடத் தயாராக ஓர் ஆசாமி இருக்கிறார். துணி காயவில்லையா, மூடுபனி. பஸ் லேட்டா, மூடுபனி. பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வத்தலக்குண்டோடு திரும்பிவிட்டார்களா, அதற்கும் மூடுபனி. இப்போது இந்த லிஸ்ட்டில் இன்டர்நெட்டும் சேர்ந்துகொண்டது. 'பனி இறங்கிருச்சுல்ல சார், இனிமே வைஃபை வராது' என்று டீ மாஸ்டரிலிருந்து ஹோம்ஸ்டே ஓனர் வரை ஒரே குரலில் சொல்கிறார்கள். கேட்கிறவர்களும் பெருமூச்சு விட்டுவிட்டு லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள்.

மூடுபனி சார்பில் இந்த வாரம் நான் ஆஜராகிறேன். ஃபீஸ் கிடையாது.

வைஃபை ஒரு ரேடியோ அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று ரூட்டர் பெட்டியில் போட்டிருக்கிறதே, அதன் அலைநீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அரை ஜாணுக்குக் கொஞ்சம் மேலே. 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஆறு சென்டிமீட்டர். மூடுபனித் துளியோ மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. யானை போகிற பாதையில் எறும்புகள் உட்கார்ந்து சாலை மறியல் செய்தால் என்ன ஆகும்? யானைக்குத் தெரியக்கூடத் தெரியாது.

'எதிர்வீடு கண்ணுக்கே தெரியலையே, சிக்னல் மட்டும் எப்படி சார் போகும்?' நல்ல கேள்வி. நம் கண் பார்க்கிற ஒளியின் அலைநீளம் பனித் துளியைவிடச் சிறியது. அதனால் துளியில் முட்டிச் சிதறுகிறது. வைஃபை அலை துளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிய சைஸ். சிதறுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சாட்சி வேண்டுமா? கோடைப் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். மலை மொத்தமும் பனிக்குள் காணாமல் போன ராத்திரியிலும் மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் சினிமாப் பாட்டுக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். காற்றில் மிதக்கிற பனி வேறு, மழையில் ஊறிய மரம் வேறு. பக்கத்துக் காட்டேஜிலிருந்து உங்கள் ரூமுக்கு வைஃபை இழுத்து, நடுவே நாலு யூகலிப்டஸ் சொட்டச் சொட்ட நின்றால் சிக்னல் அடி வாங்கும். அது இலையின் மேல் உட்கார்ந்த தண்ணீர் செய்கிற வேலை.

இரண்டாவது குற்றவாளியாக இந்த ஊரில் சூரியனையும் நிறுத்துகிறார்கள். 'அப்சர்வேட்டரில சொன்னாங்களாமே, சூரியன்ல ஏதோ வெடிப்பாம்' என்று என்னிடமே ஒரு பெரியவர் சொன்னார். கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக்கூடம் 1899-ல் ஆரம்பித்தது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் எப்படி வெளிநோக்கிப் பாய்கின்றன என்பதை 1909-ல் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். உலகத்துப் பாடப் புத்தகங்களில் எல்லாம் 'எவர்ஷெட் விளைவு' என்று இருக்கிறது. ஆனால், சூரிய வெடிப்பு தொந்தரவு செய்வது வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகிற சிற்றலை வானொலி போன்ற சமாசாரங்களை. ஹாலிலிருந்து பெட்ரூமுக்குப் போகிற வைஃபை அயனி மண்டலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதில்லை.

அப்படியானால் யார்தான் குற்றவாளி? என் அக்கா மகன் கேஸைச் சொல்கிறேன்.

அக்கா இருப்பது நாயுடுபுரத்துக்கு மேலே ஒரு பழைய கல் வீட்டில். அத்திம்பேர் போன பிறகு தனியாக இருக்கிறாள். மூட்டுவலி. சென்னை என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள். மகனுக்குச் சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக 'வீட்டிலிருந்தே வேலை' என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு மலையேறியவன். இரண்டு மாதம் ஓடியது. அப்புறம் தினமும் சாயங்கால மீட்டிங்கில் வாய் திறந்தபடி அவன் முகம் உறைந்து நிற்க ஆரம்பித்தது. மேனேஜர் மூன்று தடவை பொறுத்தார். நாலாவது தடவை, 'அடுத்த திங்கள் க்ளையண்ட் கால். அன்னிக்கும் இப்படின்னா செவ்வாய்க்கிழமை நீங்க ஆபீஸ்ல இருக்கணும்' என்று சொல்லிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா சமையலறையில் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"டைம் டேபிள் மாதிரி மாமா. காலைல சூப்பரா இருக்கு. சாயங்காலம் பனி இறங்குனா நெட் போயிருது" என்றான்.

"பனி இறங்குனா நீ என்னடா செய்வே?"

"என்ன செய்வேன்? குளிரும். லேப்டாப்பைத் தூக்கிட்டு உள் ரூமுக்குப் போயிருவேன்."

"காலைல?"

"வெராண்டால உக்காந்திருப்பேன்."

ரூட்டர் இருந்தது ஹாலில், வெராண்டா ஜன்னல் ஓரமாக. புரிகிறதா? பனிக்கும் நெட்டுக்கும் சம்பந்தம் இருந்தது வாஸ்தவம். பனி வந்தால் பையன் இடம் மாறுகிறான். இடம் மாறினால் ரூட்டருக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு கல் சுவர். போதாததற்கு ஆளுயரக் கண்ணாடி பதித்த ஓர் இரும்பு பீரோ.

அந்தச் சுவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் மதுரை வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் மலையேறி இங்கே பங்களா கட்டினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களும் உள்ளூர்க் கல்லிலேயே, முழங்கை நீளத்துக்குக் குறையாத பருமனில் சுவர் எழுப்பினார்கள். பழனி மலைத் தொடரில் பெரும்பாலும் சார்னோகைட் என்கிற பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது. அந்தக் கல்லே நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துச் சரக்குதான். ஆக, பெயரிலேயே சமாதி. வைஃபை சிக்னலுக்கும் அதே மரியாதை. குளிரை வெளியே நிறுத்துகிற அதே சுவர் சிக்னலை உள்ளே விடுவதில்லை. மங்களூர் ஓட்டு வீட்டிலும் தடுப்புப் பலகை வைத்த மேன்ஷன் ரூமிலும் இந்த வம்பு இல்லை.

பையன் அதற்குள் மூன்று வேலை செய்திருந்தான். இன்னும் அதிக ஸ்பீடு பிளானுக்கு மாறியிருந்தான். கஸ்டமர் கேருக்கு ஒன்பது தடவை போன் செய்திருந்தான். பனி விலக வேண்டும் என்று குறிஞ்சி ஆண்டவருக்கு வேண்டிக்கொண்டிருந்தான். முதல் இரண்டும் வீண். மூன்றாவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

லேப்டாப்பும் கையுமாகப் பிழைக்கிற நண்பர்களே, இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். லேப்டாப் மூலையில் தெரிகிற விசிறி மாதிரிப் படம் இன்டர்நெட்டைக் காட்டுவதில்லை. உங்கள் லேப்டாப்புக்கும் உங்கள் ரூட்டருக்கும் நடுவே உள்ள சினேகிதத்தை மட்டுமே காட்டுகிறது. வீட்டுக் குழாயைத் திருகினால் தண்ணீர் வரவில்லை. குழாயில் அடைப்பா, தெருவிலேயே சப்ளை இல்லையா என்று முதலில் பார்ப்போம் அல்லவா? அதே விசாரணைதான் இங்கேயும்.

சுலபமான பரீட்சை ஒன்று. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரூட்டர் பக்கத்தில் போய் உட்காருங்கள். முடிந்தால் லேன் கேபிளைச் செருகிவிடுங்கள். அப்போதும் நெட் இல்லையென்றால் சுவர் நிரபராதி, கோளாறு வெளியே. அங்கே ஓடுகிறது, ரூமில் ஓடவில்லை என்றால் கம்பெனிக்காரரைத் திட்டிப் புண்ணியமில்லை, கோளாறு உங்கள் வீட்டுக்குள்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமா? கமாண்ட் ப்ராம்ப்ட் என்று ஒரு கறுப்புத் திரை இருக்கிறது. அதில் 'பிங்' என்ற நாலெழுத்து இங்கிலீஷ் வார்த்தையை அடித்து, இடம் விட்டு, ரூட்டரின் முகவரியைப் போடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. வைஃபை விவரங்களில் 'டீஃபால்ட் கேட்வே' என்று இருக்கும். பிங் என்பது 'ஏ, இருக்கியா?' என்று கூப்பிடுவது. ரூட்டர் 'இருக்கேன்' என்று சொல்ல எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று திரையில் வரும். இரண்டு, மூன்று என்றால் ஆரோக்கியம். நம் பையன் ரூமில் 3, 5, 412, பிறகு பதிலே இல்லை, மறுபடி 280. வெராண்டாவில் 2, 2, 3, 2. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொன்னால் அடுத்து 8.8.8.8 என்று வெளியூர் முகவரிக்கு ஒரு பிங். அது வராவிட்டால் லைன் கோளாறு. அதுவும் வருகிறது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை நம்பராக மாற்றித் தருகிற டி.என்.எஸ். என்கிற டெலிபோன் டைரக்டரி படுத்துவிட்டது. லேப்டாப்பின் சொந்த முகவரியே 169.254 என்று ஆரம்பித்தால், ரூட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை. வைஃபை பெயரை 'மறந்துவிடு' என்று சொல்லி, பாஸ்வேர்டு போட்டுப் புதிதாகச் சேருங்கள். ரூட்டரை அணைத்து முப்பது எண்ணிவிட்டுப் போடுங்கள். கஸ்டமர் கேரில் கிளிப்பிள்ளை மாதிரி இதைச் சொல்கிறார்களே என்று சிரிக்க வேண்டாம். ரூட்டரும் ஒரு சின்ன கம்ப்யூட்டர். நாள் கணக்கில் ஓடிக் குழம்பிப்போன நினைவு அழிந்து, எல்லாம் முதலிலிருந்து துவங்கும்.

சிக்னலை அளக்கவும் வழி இருக்கிறது. செல்போனிலேயே இலவசமாக ஆப் கிடைக்கிறது. மைனஸ் 50 என்று காட்டினால் பிரமாதம். வீடியோ மீட்டிங்குக்கு மைனஸ் 67 வரை தாங்கும். பையன் ரூமில் மைனஸ் 84. ஐம்பதுக்கும் எண்பத்து நாலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை போலத் தோன்றும். ஆனால், இது டெசிபல் கணக்கு. ஒவ்வொரு பத்துக்கும் பத்தில் ஒரு பங்காகிவிடும். முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண வீட்டு ரூட்டர் அனுப்புகிற மொத்த சக்தியே ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ராத்திரி விளக்கு அதைவிடப் பிரகாசம்.

"பீரோவைக் கொஞ்சம் நகர்த்தலாமா அக்கா?" என்றேன்.

"தம்பி, வேற எதை வேணா கேளு. அது அப்பா சீர் வச்ச பீரோ. வச்ச எடத்த விட்டு நகராது."

நகரவில்லை. பதிலுக்குப் பஜாரில் இருபது மீட்டர் லேன் கேபிள் வாங்கினோம். கதவுக்கு மேலே வெள்ளைக்காரன் காலத்து வெண்டிலேட்டர் ஒன்று இருந்தது. அதன் வழியாக ஹாலிலிருந்து ரூமுக்குள் கேபிளை இறக்கினோம். நூறு மீட்டர் வரை இந்தக் கேபிள் முணுமுணுக்காது. மறுமுனையில் பரணில் கிடந்த பழைய ரூட்டரை ஆக்ஸஸ் பாயிண்ட்டாக மாட்டினோம். அதில் ஒன்று கவனிக்கணும். இரண்டாவது ரூட்டரில் டி.ஹெச்.சி.பி. என்கிற 'முகவரி வழங்கும் இலாகா'வை மூடிவிட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேர் கதவு நம்பர் கொடுத்தால் தபால்காரர் என்ன ஆவார்? ரிப்பீட்டர் என்று சுவரில் செருகுகிற ஒரு வஸ்து விற்கிறார்கள். கல் வீட்டில் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் செத்ததைத்தான் திருப்பிச் சொல்லும்.

மைனஸ் 45. பையன் முகம் மலர்ந்தது. பத்தே நிமிஷம். மறுபடி கட்!

அவன் செல்போனில் மட்டும் அதே நாற்காலியில் வீடியோ ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே இது சுவரும் இல்லை, ரூட்டரும் இல்லை. லேப்டாப்பேதான். டிவைஸ் மானேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்தால் 'பவர் மானேஜ்மென்ட்' என்று ஒரு பக்கம். பாட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபையை அணைக்கலாம் என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. நம் நன்மைக்கென்று கம்ப்யூட்டர் தானாகச் செய்கிற காரியம். அதை எடுக்கப் போனால் 'அனுமதி இல்லை' என்றது. ஆபீஸ் லேப்டாப் அல்லவா? ஐ.டி. டிபார்ட்மென்ட்டில் டிக்கெட் போட்டு, அப்ரூவல் வாங்கி, ஒரு டிக்கை எடுக்க ஒன்றரை நாள் ஆனது. கல் சுவரைத் தாண்ட எங்களுக்கு இரண்டு மணி நேரம் போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை கால் நாற்பது நிமிஷம் நடந்தது. வெளியே கை நீட்டினால் கை தெரியாத பனி. உறையவில்லை, உடையவில்லை. அக்கா அன்றைக்குத்தான் வாய் திறந்து, "தம்பி, காபி போடவா?" என்றாள்.

சீசனில் இன்னொரு வம்பும் சேரும். சாயங்காலம் ஊர் சுற்றிவிட்டு ஹோம்ஸ்டேக்குத் திரும்புகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் போனை எடுக்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று இடிக்காத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அதே பட்டையில்தான் மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் குடித்தனம் நடத்துகின்றன. ரேடியோப் பெட்டிக்கே போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய தேசம் இது. இந்தப் பட்டையை லைசென்ஸ் இல்லாமல் யாரும் உபயோகிக்கலாம் என்று 2005-ல் திறந்துவிட்டார்கள். இலவசப் பந்தியில் நெரிசல் இருக்கத்தானே செய்யும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால், அது சுவரைக் கண்டால் இன்னும் பயப்படும். ரூட்டர் இருக்கிற அறையில் 5, அடுத்த அறையில் 2.4 என்பது என் கட்சி.

சுவர் இல்லையென்றால் இதே வைஃபை எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? 2007-ல் வெனிசுவேலாவில் எர்மானோ பியட்ரோசெமோலி என்பவர் இரண்டு மலை உச்சிகளுக்கு நடுவே வைஃபை இணைப்புப் போட்டுக் காட்டினார். தூரம் 382 கிலோமீட்டர்! காக்கை பறக்கிற கணக்கில் கொடைக்கானலிலிருந்து செங்கல்பட்டு. பெரிய டிஷ் ஆன்டெனா வைத்தார் என்பது உண்மை. ஆனால் ரூட்டர், கடையில் கிடைக்கிற மாதிரியான ரூட்டர்தான். நடுவே வெறும் காற்று. அது மட்டும் போதும்.

அவ்வளவு தூரம் போவானேன். கோக்கர்ஸ் வாக்கிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே தெரிகிற சமவெளிக்குப் பக்கத்திலேயே, தேனி அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ப்ரூவர் குழுவினர், 2000-களின் நடுவில் அங்கே வந்தார்கள். சுற்றுவட்டார ஊர்களில் உள்ள சின்னக் கண் மையங்களை வைஃபையாலேயே ஆஸ்பத்திரியோடு இணைத்தார்கள். கிராமத்துப் பாட்டி தன் ஊரிலேயே உட்கார்ந்திருக்க, தேனியில் இருக்கிற டாக்டர் திரையில் முகம் பார்த்துப் பேசுவார். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

அதில் ஒரு சுவாரஸ்யம். வைஃபை ஒவ்வொரு பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு, 'கிடைச்சுது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். வீட்டுக்குள் உபயோகிக்க என்று செய்ததால், காத்திருக்கிற நேரம் மிகமிகக் குறைவு. பல கிலோமீட்டர் தூரத்திலிருந்து பதில் வந்து சேருவதற்குள் பொறுமையிழந்து, தொலைந்துவிட்டது என்று நினைத்து அதையே மறுபடி அனுப்பும். லைன் முழுக்க ஒரே விஷயம் திரும்பத் திரும்ப ஓடும். 'இப்போ நீ பேசு, இப்போ நான் பேசுறேன்' என்று முறை வைத்துப் பேசும்படி அந்தக் குழு இதை மாற்றி எழுதியது. அப்புறம்தான் வீடியோ ஓடியது. ஆனால், இத்தனை கெட்டிக்காரர்களையும் படுத்தி எடுத்தது எது தெரியுமா? 2008-ல் எழுதிய கட்டுரையில் அவர்களே சொல்கிறார்கள். ரேடியோ இல்லை, தூரம் இல்லை. நம்ம ஊர் கரண்ட்! ஏறி இறங்குகிற வோல்டேஜில் கருவிகள் கெட்டுக்கொண்டே இருந்தன.

அந்த விஷயத்தில் மலைமேல் நாம் இன்னும் விசேஷம். ஐப்பசியில் இடி இடித்தால் ரூட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மற்ற நாட்களுக்கு, ரூட்டருக்கென்றே கையடக்க யு.பி.எஸ். விற்கிறது. கரண்ட் போனாலும் லேப்டாப்பில் பாட்டரி இருக்கிறது. மீட்டிங்கிலிருந்து உங்களைத் தூக்கி எறிவது ரூட்டர் அணைவதுதான்.

கடைசியாக, ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் மேலே சொன்ன எதையும் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். எங்கோ மரம் சாய்ந்திருக்கும். குரங்கு ஊஞ்சலாடியிருக்கும். தொங்கிய கேபிளைக் காட்டுமாடு கொம்பில் மாட்டிக்கொண்டு போயிருக்கும். கஸ்டமர் கேரில் 'நெட் வரலை' என்று சொல்லாமல், 'எல்.ஓ.எஸ். சிவப்பு' என்று சொல்லுங்கள். அணைத்துப் போடுங்கள் என்கிற அத்தியாயம் மிச்சமாகும். ஆள் வந்து, ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு, 'பனி சார், அதான்' என்று ஆரம்பிப்பார். ஏணியை அவரிடம் கொடுத்துக் கம்பத்தைக் காட்டுங்கள்.